நாஞ்சில் நாட்டுக் கடலோர ஆய்வகங்களில் பழைய மின்னணு அளவைக் கருவிகள்: மாற்று மின்தேக்கித் தேர்வு குறித்த விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பழைய அலைகாட்டி, அலையியற்றி, கதிர்வீச்சு எண்ணி போன்ற அளவைக் கருவிகள் பழுதுறும்போது முதலில் ஐயத்திற்குரியது மின்தேக்கியே. பழைய மின்தேக்கியின் மேல் அச்சிடப்பட்ட மின்தேக்குத்திறனும் மின்னழுத்தமும் பொருந்தினால் போதும் என்ற கருத்தே மாற்றுத் தேர்வில் பெரும்பாலும் நிலவுகிறது. மின்தேக்கி மின்சுற்றில் எப்பணியைச் செய்கிறது, கருவி எத்தகைய காற்றில் நிற்கிறது என்னும் இரண்டுமே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் இயற்கைக் கதிர்வீச்சை அளக்கப் பயன்படும் கைகர் எண்ணி இதற்குத் தலையாய எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மின்தேக்கி, அளவைக் கருவி, கசிவு மின்னோட்டம், கடற்காற்று, கைகர் எண்ணி, நாஞ்சில் நாடு

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளின் இயற்பியல், மின்னணுவியல் ஆய்வகங்கள் செய்முறைத் தேர்வுகள் முடிந்ததும் கோடை விடுமுறைக்காகப் பூட்டப்படுகின்றன. அவை மீண்டும் திறக்கும் ஜூன் மாதத்தில்தான் தென்மேற்குப் பருவமழையும் இம்மாவட்டத்தில் இறங்குகிறது. வாரக்கணக்கில் மின்னோட்டமும் காற்றோட்டமும் இன்றிக் கிடந்த கருவிகள், ஆண்டின் ஈரம் மிகுந்த நாள்களில் முதன்முறையாக மின்னிணைப்புப் பெறுகின்றன. முப்பது ஆண்டு பழமையான ஓர் அலைகாட்டியிலிருந்து வெடியோசையும் கடுநெடிப் புகையும் கிளம்புவதற்கு இதைவிட வாய்ப்பான வேளை வேறில்லை. புகைந்தது பெரும்பாலும் ஒரு மின்தேக்கியாகவே இருக்கும்.

இம்மாவட்டத்தின் அறிவியல் கல்வி நெடிய மரபுடையது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி 1893ஆம் ஆண்டிலும் தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952ஆம் ஆண்டிலும் தோன்றியவை. நெடுங்காலம் இயங்கிவரும் எந்த இயற்பியல் துறையிலும் வால்வு காலத்துக் கருவி ஒன்றிரண்டும், திரிதடையக் காலத்துக் கருவிகள் பலவும் நிலைப்பேழைகளில் இருப்பது இயல்பு. அவற்றைக் கழித்துவிடாமல் பேணுவதற்குப் பணச் சிக்கனம் மட்டுமே காரணம் அன்று. பழைய கருவியின் கையேட்டில் மின்சுற்றுப் படம் முழுமையாக அச்சிடப்பட்டிருக்கும். மூடியைக் கழற்றினால் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் கண்டு, படத்தோடு ஒப்பிட்டுக் கற்க இயலும். இன்றைய கருவிகளில் அவ்வாய்ப்பு அரிது.

பழுதுபார்ப்பில் நிகழும் தவறுகளுள் பெரும்பாலானவை ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றன. கழற்றிய மின்தேக்கியின் மேலுள்ள இரண்டு எண்களைக் கடைக்காரரிடம் காட்டி, அதே எண்கள் கொண்ட புதியதை வாங்கிப் பொருத்துவதே அது. மின்தேக்கி ஓர் எண்ணுக்குரிய பொருள் அன்று. மின்வாயிலில் நிற்பதற்கு உயிர்காக்கும் பொறுப்பு. மின்வழங்கியில் நிற்பதற்கு வெப்பத்தைத் தாங்கும் பொறுப்பு. அலையியற்றியில் நிற்பதற்கு மாறாதிருக்கும் பொறுப்பு. கைகர் எண்ணியில் நிற்பதற்குக் கசியாதிருக்கும் பொறுப்பு. நான்கிற்கும் ஒரே மின்தேக்கி பொருந்தாது.

சொல்லும் குறியீடும்

மின்தேக்கி என்பது தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. இலங்கைப் பாடநூல்கள் இதனைக் கொள்ளளவி என்கின்றன. வானொலி பழுதுபார்ப்போர் நாவில் இன்றும் அது கண்டன்சர்தான். பெயர் எதுவாயினும் இடர் தருவது குறியீடே. பழைய கையேடுகளில் எம்.எஃப்.டி. எனப் பெரிய எழுத்துகளில் குறிக்கப்படுவது மைக்ரோஃபாரட், மில்லிஃபாரட் அன்று. எம்.எம்.எஃப்.டி. என்பது மைக்ரோ மைக்ரோஃபாரட், அதாவது இன்றைய பிக்கோஃபாரட். முன்னதை மில்லிஃபாரட் எனப் படித்தால் பிழை ஆயிரம் மடங்கு. பின்னதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டால் பத்து லட்சம் மடங்கு.

8, 16, 32, 50 மைக்ரோஃபாரட் என்னும் பழைய மதிப்புகள் இன்று கடைகளில் எளிதிற் கிடைப்பதில்லை. அவற்றுக்கு நிகராக முறையே 10, 22, 33, 47 மைக்ரோஃபாரட் கொள்ளலாம். பழைய மின்பகுளி மின்தேக்கிகள் பலவற்றின் ஏற்புடைய வேறுபாடு −20 முதல் +50 விழுக்காடு வரை இருந்ததால், வடிகட்டிப் பணியில் இச்சிறு வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதன்று. இச்சலுகை அலைவெண்ணை ஆளும் மின்தேக்கிகளுக்கு இல்லை.

கடற்காற்றின் இயல்பு

நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களும், அவற்றுக்கு மேற்கே உள்ள கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகின்றன. தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் கருவியை வாட்டுவது வெப்பம். இங்கே வாட்டுவது ஈரம். ஈரத்தோடு உப்பும் கலந்திருப்பதே தனித்தன்மை. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே வெறும் தூசியாய் மின்சுற்றுப் பலகைமேல் படிந்திருந்த உப்பு, அதற்கு மேலே மின்கடத்தும் படலமாக மாறிவிடுகிறது. காலை நனைந்த வேளையில் தவறாக அளக்கும் கருவி நண்பகலில் சரியாக அளப்பதன் மாயம் இதுவே. கருவியில் பழுதே இல்லை என்று சொல்லித் திருப்பியனுப்பப்படும் கருவிகளுட் பல, வறண்ட அறையில் வைத்துச் சோதிக்கப்பட்டவை.

ஆகவே, குளிர்நாட்டுப் பழுதுபார்ப்புக் கையேடுகள் தரும் அறிவுரைகளை இங்கு அப்படியே மேற்கொள்ள இயலாது. அங்கே இன்னும் பத்தாண்டு உழைக்கும் எனக் கருதி விட்டுவைக்கப்படும் காகித மின்தேக்கி, இங்கே முதலில் கழற்றப்பட வேண்டியதாகிறது.

மின்வாயிலில் நிற்பவை

கருவிக்குள் மின்கம்பி நுழையும் இடத்தில் இருவகை மின்தேக்கிகள் உள்ளன. பேஸ் கம்பிக்கும் நியூட்ரல் கம்பிக்கும் இடையே குறுக்காக நிற்பது எக்ஸ் வகை. அவ்விரு கம்பிகளில் ஒன்றுக்கும் கருவியின் உலோகக் கூட்டுக்கும் இடையே நிற்பது ஒய் வகை. இரண்டும் மின்னிரைச்சலை வடிகட்டுபவையே. எனினும், பழுதுறும்போது அவை விளைக்கும் கேடு வெவ்வேறு. எக்ஸ் வகை குறுக்குச்சுற்றானால் உருகி எரியும், அல்லது தீப்பற்றும். ஒய் வகை குறுக்குச்சுற்றானால் 230 வோல்ட் முழுவதும் கருவியின் கூட்டுக்கு வந்துசேரும். அக்கூட்டைத் தொடுபவர் மாணவர்.

1970களிலும் 1980களிலும் ஐரோப்பியக் கருவிகளில் பரவலாக இடம்பெற்ற எக்ஸ் வகை மின்தேக்கிகளுள், ரிஃபா என்னும் பெயர் பொறித்த ஒளிபுகு பிசின் உறையுடையவை பழுதுபார்ப்போர் அனைவரும் அறிந்தவை. உள்ளே உலோகப் பூச்சுப் பெற்ற காகிதம் சுருட்டப்பட்டிருக்கும். சிறு துளையேற்பட்டால் அவ்விடத்து உலோகம் ஆவியாகித் தானே ஆறிக்கொள்ளும் இயல்பு அக்காகிதத்திற்கு உண்டு. அந்நாளில் அது சிறந்த தேர்வே. காலப்போக்கில் பிசின் உறையில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன. காகிதம் ஈரத்தை உறிஞ்சுகிறது. உள்ளே வெப்பம் பெருகி, மின்தேக்கி வெடித்துப் புகைகிறது. கருவியின் பொத்தான் அணைந்திருந்தாலும், அம்மின்தேக்கி பொத்தானுக்கு முன்னே இணைக்கப்பட்டிருந்தால், சுவர்ச் செருகியில் மின்சாரம் உள்ளவரை அது பணியில்தான் இருக்கிறது. பிசினில் மயிரிழை வெடிப்புத் தென்படும் மின்தேக்கியை அளந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை, கழற்றிவிட வேண்டும்.

அதற்கு மாற்றாகப் பாலிப்ரொப்பிலீன் படல மின்தேக்கியைக் கொள்ளலாம். அதன்மேல் எக்ஸ்2 என்னும் குறியும், மாறுதிசை மின்னழுத்தம் 275 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்னும் குறியும் இருத்தல் வேண்டும். 400 வோல்ட் நேர்த்திசை எனக் குறிக்கப்பட்ட பொதுவகைப் படல மின்தேக்கி, எண்ணிற் பெரிதாயினும், அவ்விடத்திற்கு உரியதன்று. 230 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தின் உச்சமே 325 வோல்ட். மின்தொடரில் இடியும் பொத்தான் அசைவும் எழுப்பும் திடீர் ஏற்றங்கள் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும். எக்ஸ்2 என்னும் குறி அவ்வேற்றங்களைத் தாங்கும் சோதனைக்கு உட்பட்டது என்பதற்கான சான்று.

பாலிப்ரொப்பிலீனும் ஈரத்திற்கு முற்றும் அஞ்சாதது அன்று. மின்னழுத்தத்தின்கீழ் ஈரம் புகுந்தால், படலத்தின்மேலுள்ள மெல்லிய உலோகப் பூச்சு அரிக்கப்பட்டு மின்தேக்குத்திறன் மெல்லக் குறையும். அது வெடிப்பதில்லை, தேய்கிறது. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60384-14 தரநிலை, ஈரம் தாங்கும் திறனைத் தனிப் படிநிலைகளாகப் பகுத்துள்ளது. அவற்றுள் மேல்நிலை, 85 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 1000 மணி நேரம் மின்னழுத்தத்தோடு சோதிக்கப்படுவது. உள்நாட்டு ஆய்வகத்துக்கு இது மிகையாகத் தோன்றலாம். குளச்சலிலோ முட்டத்திலோ நிற்கும் கருவிக்கு மிகையன்று. விலை வேற்றுமையும் சில ரூபாய்களே.

ஒய் வகையில் பிழைக்கு இடமே இல்லை. 4.7 நானோஃபாரட் ஒய் மின்தேக்கி வழியே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கூட்டுக்குச் செல்லும் மின்னோட்டம் ஏறத்தாழ 0.34 மில்லிஆம்பியர். புவியிணைப்பு அறுந்திருந்தால் தொடுவோருக்கு இலேசான சுணைப்பு மட்டுமே தெரியும். இரைச்சல் நன்கு வடியும் என்று கருதி அவ்விடத்தில் 100 நானோஃபாரட் பொருத்தினால் மின்னோட்டம் 7.2 மில்லிஆம்பியராகிறது. பிடித்த கையை விடமுடியாதபடி தசை இறுகும் எல்லைக்கு அது மிக அண்மையது. மணற்பாங்கான நிலத்தில் கோடையில் புவியிணைப்புக் குழியின் மின்தடை உயர்வதையும், மூன்று முனைச் செருகியின் புவிமுனையை ஒடித்துவிட்டு இருமுனைத் துளையில் செருகும் வழக்கத்தையும் கருதினால், ஒய் மின்தேக்கியின் மதிப்பைக் கூட்டுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. இங்கு ஒய்2 குறியுடைய மின்தேக்கி, பழைய மதிப்பிலேயே, பொருத்தப்பட வேண்டும்.

வால்வுக் கருவிகளின் காகித மின்தேக்கிகள்

வால்வு கொண்ட கருவிகளில், ஒரு பெருக்கி நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் குறிகையைக் கடத்தும் இணைப்பு மின்தேக்கி மெழுகிட்ட காகிதத்தால் ஆனது. முதல் வால்வின் தகட்டில் 150 வோல்ட் இருப்பதாகவும், அடுத்த வால்வின் கட்டுப்பாட்டு வலைக்கும் புவிக்கும் இடையே 1 மெகாஓம் மின்தடை இருப்பதாகவும் கொள்வோமாயின், மின்தேக்கியின் காப்புத்தடை 100 மெகாஓமாகக் குறைந்தாலே வலையில் ஏறத்தாழ 1.5 வோல்ட் தோன்றிவிடும். வால்வின் சார்பு மின்னழுத்தமே இரண்டு மூன்று வோல்ட்தான். வால்வு சூடேறி, அலைவடிவம் சிதைந்து, குற்றம் வால்வின்மேல் சுமத்தப்படும். புதிய வால்வு வாங்கிப் பொருத்தியும் பழுது தீராத கருவிகளின் கதை பெரும்பாலும் இதுவே. சாதாரணப் பல்மானியின் சிறிய மின்கல அழுத்தத்தில் இக்கசிவு தென்படாது. மின்தேக்கியின் ஒரு முனையைக் கழற்றி, அது பணியாற்றும் மின்னழுத்தத்திலேயே சோதித்தால்தான் தெரியும். இணைப்புப் பணிக்குப் பாலிப்ரொப்பிலீனும், இரைச்சலைப் புவிக்கு இறக்கும் பணிக்குப் பாலியெஸ்டரும் போதுமானவை. மின்னழுத்தம் 630 வோல்ட் எனக் கொள்வது நன்று.

மின்வழங்கியின் மின்பகுளி மின்தேக்கிகள்

அலுமினிய மின்பகுளி மின்தேக்கியில் மின்காப்பாக நிற்பது அலுமினியத் தகட்டின்மேல் வேதிமுறையில் வளர்க்கப்பட்ட ஆக்சைடுப் படலம். அதன் தடிமன் ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவு. மின்னழுத்தமின்றி நெடுங்காலம் கிடந்தால் அப்படலம் மெலியும். ஆதலால் விடுமுறைக்குப் பின் பழைய கருவிக்கு முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாக அளிப்பது தவறு. மின்தேக்கியைத் தனியே கழற்றி, சில பத்துக் கிலோஓம் மின்தடை வழியாக மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றினால், கசிவு மின்னோட்டம் குறைந்து படலம் மீண்டும் வளரும். சில மணி நேரத்திற்குப் பின்னும் கசிவு குறையாதது மாற்றத்தக்கது.

மாற்றும்போது வாழ்நாள் கணக்கு உதவும். வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் வாழ்நாள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது நடைமுறை விதி. கருவியின் உட்புற வெப்பம் 55 பாகை எனில், 85 பாகையில் 2000 மணி எனக் குறிக்கப்பட்ட மின்தேக்கிக்கு 16,000 மணியும், 105 பாகையில் 5000 மணி எனக் குறிக்கப்பட்டதற்கு 1,60,000 மணியும் கிடைக்கின்றன. நாளொன்றுக்கு 4 மணி, ஆண்டுக்கு 200 நாள் இயங்கும் கல்லூரிக் கருவிக்கு முதல்வகையே 20 ஆண்டு வரும். இரண்டாவது வகைக்கு 200 ஆண்டு என்று கணக்குச் சொல்கிறது. ரப்பர் அடைப்பு அதை ஏற்பதில்லை. பதினைந்து இருபது ஆண்டுகளில் அடைப்பு முதிர்ந்து, மின்பகுளி ஆவியாகிவிடும். கல்லூரி ஆய்வகத்திற்கு 105 பாகை வகை நல்லதே, ஆனால் அதன் நற்பயன் கணக்கு காட்டும் அளவுக்கு இல்லை.

இதைவிட முதன்மையானது சிற்றலை மின்னோட்டம். பழைய 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி கைப்பிடி அளவு பெரியது. புதியது பெருவிரல் அளவே. உருவம் சுருங்கியதை முன்னேற்றமாக எண்ணிப் பொருத்துவோர், வெப்பத்தை வெளியேற்றும் பரப்பும் உடன் சுருங்கியதை நோக்குவதில்லை. புதியதன் விவரத்தாளில் 100 ஹெர்ட்ஸுக்குக் குறிக்கப்பட்ட சிற்றலைத் தாங்குதிறன், பழையதற்குக் குறையாதிருத்தல் வேண்டும். நூறு கிலோஹெர்ட்ஸுக்குரிய பெரிய எண்ணைக் கண்டு மயங்கலாகாது. இந்திய மின்தொடரின் முழுஅலைத் திருத்தத்தில் சிற்றலை 100 ஹெர்ட்ஸில்தான் வரும்.

மின்தேக்குத்திறனைப் பெருக்குவதிலும் எல்லை உண்டு. 1 ஆம்பியர் எடுக்கும் சுற்றில் 4700 மைக்ரோஃபாரட் தரும் சிற்றலை ஏறத்தாழ 2.1 வோல்ட். பழையது பாதியாகத் தேய்ந்தால் அது 4.2 வோல்ட்டாகி, மின்னழுத்தச் சீராக்கி தன் பிடியை இழக்கிறது. திரையில் அலை நடுங்குகிறது. 6800 பொருத்தினால் குற்றமில்லை. 22,000 பொருத்தினால், அலைதிருத்தி வழியே ஒவ்வொரு சுற்றிலும் பாயும் உச்ச மின்னோட்டம் கூர்மையடைந்து மின்மாற்றியைச் சூடாக்கும். வால்வு அலைதிருத்தியாயின் அதன் ஆயுளும் முடிந்துவிடும். பழைய மின்மாற்றிக்கு மாற்று வாங்க இயலாது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

மின்னழுத்தக் குறியைப் பொறுத்தவரை, மின்மாற்றியின் முதன்மைச் சுருள் 220 வோல்ட் முனையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். மின்தொடரில் 250 வோல்ட் ஏறும் வேளையில், 300 வோல்ட் தர வேண்டிய சீராக்கப்படாத மின்வழங்கி 341 வோல்ட் தரும். 350 வோல்ட் மின்தேக்கிக்கு எஞ்சும் இடைவெளி 9 வோல்ட். இணைப்பை 240 வோல்ட் முனைக்கு மாற்றுவதும், மின்தேக்கியை 450 வோல்ட்டாக உயர்த்துவதும் ஒருங்கே செய்யத்தக்கவை.

முத்துப்போன்ற டான்டலம் மின்தேக்கிகள் குறித்துச் சுருங்கக் கூறின், அவை பழுதுறும்போது திறந்துகொள்வதில்லை, குறுக்குச்சுற்றாகின்றன. 1972இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 465 அலைகாட்டியில் ஒரு மின்வழங்கி இழை முற்றும் இறங்கியிருந்தால் முதலில் தேடப்படுவது அத்தகைய முத்து ஒன்றே. மாற்று, பணி மின்னழுத்தத்தின் இருமடங்கு குறியுடையதாய் இருத்தல் நன்று. அலுமினிய வகையைக் கொள்வதாயின், அருகிலுள்ள சீராக்கி குறிப்பிட்ட தொடர்மின்தடையை எதிர்பார்க்கிறதா என்பதைக் கையேட்டில் நோக்க வேண்டும். தொடர்மின்தடை மிகக் குறைந்தாலும் சில சீராக்கிகள் அலையத் தொடங்கும்.

அலைவெண்ணை ஆளுபவை

அலையியற்றியிலும், அலைகாட்டியின் நேர அடித்தளத்திலும் உள்ள மின்தேக்கிகள் பெரும்பாலும் வெள்ளி மைக்கா அல்லது பாலிஸ்டைரீன் வகையின. அவை எளிதிற் கெடுவதில்லை. எல்லா மின்தேக்கிகளையும் ஒரே நாளில் மாற்றிவிடும் ஆர்வத்தில் இவற்றைக் கழற்றுவோர், நல்ல கருவியின் அளவுத்திருத்தத்தைத் தம் கையாலேயே கெடுக்கின்றனர். உண்மையிலேயே மாற்ற நேர்ந்தால், சி0ஜி எனக் குறிக்கப்படும் முதல்வகைப் பீங்கான் மின்தேக்கி ஏற்றது. அதன் மதிப்பு வெப்பத்தாலும் மின்னழுத்தத்தாலும் ஏறக்குறைய மாறுவதில்லை. எக்ஸ்7ஆர் எனக் குறிக்கப்படுவது வெப்ப எல்லைக்குள் 15 விழுக்காடு வரை மாறும். மின்னழுத்தம் ஏற ஏற மேலும் குறையும். இரண்டும் கடையில் ஒரே தோற்றத்தில் கிடப்பவை. பாலிஸ்டைரீன் 85 பாகை அளவிலேயே இளகத் தொடங்குவதால், அதன் காலில் பற்றாசு வைக்கும்போது இடுக்கியால் பிடித்து வெப்பத்தைத் தடுக்க வேண்டும்.

மணவாளக்குறிச்சி மணலும் கைகர் எண்ணியும்

1909ஆம் ஆண்டு செர்மானிய வேதியியலர் ஷோம்பெர்க் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். வாயு விளக்கு வலைகளுக்குத் தேவைப்பட்ட தோரியத்திற்காக அன்று தொடங்கிய மணல் பிரிப்பு, இன்று ஐ.ஆர்.இ.எல். என்னும் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் நடைபெறுகிறது. மோனசைட்டில் உள்ள தோரியத்தால் இக்கடற்கரையின் சில பகுதிகள் உலகின் உயர் இயற்கைக் கதிர்வீச்சுப் பகுதிகளுள் எண்ணப்படுகின்றன. ஆகவே, இம்மாவட்டத்தில் கைகர் எண்ணி வெறும் பாடத்திட்டக் கருவி அன்று. அது காட்டும் எண்ணை மக்கள் வாழும் இடத்தைப் பற்றிய செய்தியாகவே பிறர் வாசிப்பர். 1967இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்ட இ.சி.ஐ.எல். போன்ற நிறுவனங்கள் உள்நாட்டிலேயே கதிர்வீச்சு அளவைக் கருவிகளைச் செய்யத் தொடங்கிய பின்னரே இவை கல்லூரிகளுக்கு எட்டின.

இக்கருவியில் இரண்டு மின்தேக்கிகள் தீர்ப்பளிக்கும் இடத்தில் உள்ளன. ஒன்று, உயர் மின்னழுத்தத்தைச் சீராக்கும் வடிகட்டி மின்தேக்கி. மற்றது, குழாயின் நேர்முனையிலிருந்து துடிப்பை மட்டும் பெருக்கிக்குக் கடத்தி, உயர் மின்னழுத்தத்தைத் தடுத்துநிறுத்தும் இணைப்பு மின்தேக்கி. இரண்டின் கசிவும் எதிரெதிரான பிழைகளைத் தருகின்றன.

வடிகட்டி மின்தேக்கியை நோக்குக. மூலத்தின் மின்னழுத்தம் 900 வோல்ட், தொடர்மின்தடை 10 மெகாஓம் எனக் கொள்க. மின்தேக்கியின் காப்புத்தடை 1000 மெகாஓமாக இருந்தால் இழப்பு 9 வோல்ட், கவலையில்லை. ஈரத்தால் அது 50 மெகாஓமாக இறங்கினால் 15 மைக்ரோஆம்பியர் பாய்ந்து, இழப்பு 150 வோல்ட்டாகிறது. குழாய்க்குக் கிடைப்பது 750 வோல்ட். முகப்பிலுள்ள மானி மூலத்தை அளப்பதாயின் அது 900 வோல்ட் என்றே காட்டிக்கொண்டிருக்கும். குழாயின் சமதளப் பகுதி பல குழாய்களில் நூறு, இருநூறு வோல்ட் அகலமே உடையது. அதனின்று குழாய் வழுவிவிட்டால் எண்ணிக்கை குறையும். கதிர்வீச்சு உண்மையைவிடத் தாழ்வாகப் பதிவாகும்.

இணைப்பு மின்தேக்கியின் குறை இதற்கு நேர்மாறு. அதன் உள்ளேயோ, உப்பு படிந்த அதன் புறப்பரப்பிலோ நிகழும் நுண்மின்னிறக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு துடிப்பாகப் பெருக்கியைச் சேர்கின்றன. பெருக்கிக்கு அத்துடிப்பும் காமாக் கதிரின் துடிப்பும் ஒன்றே. மழைநாளில் கடற்கரையில் எண்ணிக்கை உயர்ந்தது என்னும் ஒரு முடிவு, கதிரியக்கத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். 20 ரூபாய் மின்தேக்கியைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய வழிகள் உண்டு. கைகர் குழாயை மட்டும் கழற்றிவிட்டு, உயர் மின்னழுத்தத்தை அப்படியே வைத்து எண்ணவிட்டால், பதிவாகும் எண்ணிக்கை சுழியாக இருத்தல் வேண்டும். சுழியல்லாத எதுவும் மின்சுற்றின் குற்றமே. இரண்டாவது வழி புள்ளியியல். கதிரியக்கச் சிதைவு பாய்சான் பரவலைப் பின்பற்றுவதால், ஒரே இடத்தில் பலமுறை எண்ணினால் பரவற்படி சராசரிக்கு ஏறக்குறைய நிகராக இருக்கும். சராசரி 400 எனில் திட்டவிலக்கம் 20. மின்தேக்கியின் மின்னிறக்கங்கள் கொத்துக்கொத்தாக வருபவை. அவை கலந்தால் பரவற்படி சராசரியைக் கடந்து பெருகும். இருபது அளவீடுகளுக்குக் கை-இருபடிச் சோதனை செய்வது இளநிலை மாணவரும் அறிந்த பயிற்சியே. அதனைக் கருவியின் நலச் சோதனையாகவும் கொள்ளலாம் என்பது பெரும்பாலும் கருதப்படுவதில்லை. முதல் வழியைச் சாரல் பெய்யும் காலையில் செய்து பார்ப்பதே முறை. வறண்ட நண்பகலில் கெட்ட மின்தேக்கியும் அமைதியாக இருந்துவிடும்.

மாற்றும்போது, 900 வோல்ட் சுற்றுக்கு 2 அல்லது 3 கிலோவோல்ட் குறியுடைய பாலிப்ரொப்பிலீன் படல மின்தேக்கியோ, சி0ஜி வகைப் பீங்கானோ கொள்ளத்தக்கது. எளிதிற் கிடைக்கும் இரண்டாம்வகைப் பீங்கான் வட்டுகள் உயர் மின்னழுத்தத்தில் தம் மதிப்பில் பெரும்பகுதியை இழப்பதால் துடிப்பின் வடிவமும் மாறிவிடும். மின்தேக்குத்திறனைப் பழைய மதிப்பிலேயே வைத்தல் வேண்டும். கூட்டினால் துடிப்பு நீண்டு, அடுத்த துடிப்பைக் கருவி தவறவிடும். புதிய உறுப்பின் உடலை வெறுங்கையால் தொடலாகாது. வியர்வையும் உப்புநீரே. பொருத்தியபின் பலகையை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்து, 50 பாகை அளவில் சில மணி நேரம் உலர்த்தி, உயர் மின்னழுத்தத்திற்குரிய காப்பு வார்னிஷ் பூச வேண்டும். உலர்த்தாமற் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

வாங்குதலும் பொருத்துதலும்

சென்னை ரிச்சி தெரு நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவு. திருவனந்தபுரம் 70 கிலோமீட்டர்தான். 1973இல் தொடங்கப்பட்ட கெல்ட்ரான் நிறுவனத்தின் கண்ணூர்த் தொழிலகம் அலுமினிய மின்பகுளி மின்தேக்கிகளைச் செய்துவருவதால், கேரளத்தை நோக்குவது இம்மாவட்டத்தார்க்குப் புதிய வழியன்று. எங்கு வாங்கினும், உறைமேல் அச்சிட்ட எண்ணை நம்பிப் பொருத்துதல் கூடாது. மின்தேக்குத்திறன், தொடர்மின்தடை, குறித்த மின்னழுத்தத்தில் கசிவு ஆகிய மூன்றையும் மேசைமேல் அளந்த பின்னரே பற்றாசுக்கோலை எடுக்க வேண்டும். பழைய இருப்பு எனப் பல்லாண்டு கடையில் கிடந்த மின்பகுளி மின்தேக்கி, புதிதாகத் தோன்றினும் புதியதன்று.

கருவிக்குள் கைவைக்குமுன் மின்னிறக்கம் செய்தல் இன்றியமையாதது. 400 வோல்ட்டில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 8 ஜூல் ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். 10 கிலோஓம், 5 வாட் மின்தடையை 5 விநாடி வைத்தால் அது இறங்கும். திருப்புளியால் குறுக்கிடுவது மின்தேக்கியையும் கண்ணையும் கெடுக்கும். இறக்கிய பின்னும் மின்காப்புப் பொருளில் உறிஞ்சப்பட்டிருந்த மின்னூட்டம் மெல்ல மீளும் என்பதால், இரண்டாம் முறை அளந்து பார்த்தல் வேண்டும்.

பொருத்திய மின்தேக்கியின் வகை, மதிப்பு, தேதி, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கருவி காட்டிய அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவைத்தல் தகும். கைகர் எண்ணியாயின் குழாயற்ற எண்ணிக்கையும், அளந்த நாளின் ஈரப்பதமும் அத்தாளில் இடம்பெற வேண்டும்.